தன்னார்வலர் எடுத்த வகுப்புகள்

அக்டோபர் 7, திங்கள்

பதினாறு விதிகள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கையெழுத்து. முப்பத்தாறு வருஷம் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் போட்ட அதே கையெழுத்துதான், ஆனாலும் இன்று கொஞ்சம் கோணலாக விழுந்தது.

கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பழைய கட்டடம். வெளியிலிருந்து பார்த்தால் இழுத்து மூடிய கூட்டுறவுச் சங்கம் மாதிரி இருக்கிறது. உள்ளே மத்திய அரசின் ஒரு துறை தன் ஆட்களுக்கு அண்டை நாட்டு மொழிகளைச் சொல்லிக்கொடுக்கிறது. படித்து முடித்ததும் அவர்களுடைய வேலை அந்த மொழிகளில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்பது. உளவு என்ற சொல்லை அங்கே யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பர்மிய மொழி தெரிந்த பெரியவர்கள் ஊதியமில்லாமல் உதவ முன்வரலாம் என்று பேப்பரில் வந்திருந்தது. பர்மாவில் பெகு என்ற ஊரில் பிறந்து பதினாலு வயதில் கப்பலேறிச் சென்னைக்கு வந்தவன் நான். வீட்டில் அந்த மொழியைப் பேசக் கடைசியாக இருந்தவர் என் அண்ணன். அவர் காலமாகி ஒன்பது வருஷம். பேச ஆளில்லாத ஒரு மொழி மனிதனுக்குள்ளே எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. மனுப் போட்டேன்.

நிர்வாக அதிகாரி கிருபாகரன் விதிகளைப் படித்துக் காட்டினார். நாலாவது விதி எனக்குப் பிடித்துப் போய்விட்டது. தன்னார்வலர் அரசு ஊழியர் அல்ல. ஆனால் இரண்டு விஷயத்தில் மட்டும் அரசு ஊழியராகக் கருதப்படுவார். கட்டடத்துக்குள் அடிபட்டால் ஒன்று, ரகசியத்தை வெளியே சொன்னால் இன்னொன்று.

"கல்யாண வீட்டுல பந்தி பரிமாற வந்த பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி" என்றேன். "சமையல்காரரும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. கால்ல சாம்பார் கொட்டினா மட்டும் கல்யாண வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

கிருபாகரன் சிரித்தார். "ஸ்பூனை எடுத்துட்டுப் போனா போலீஸ்ல சொல்லுவாங்க. அதையும் சேர்த்துக்குங்க சார்."

டைரி எழுதும் பழக்கம் இருக்கிறது, எழுதலாமா என்று கேட்டேன். விதித் தாள்களை மடித்து வைத்தார். "வகுப்புல கேட்டதை எழுதாதீங்க. காபி நல்லா இல்லைன்னு வேணா எழுதிக்குங்க."

காபி நல்லா இல்லை.

வீட்டில் மனைவி வேதவல்லி புளி கரைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "சம்பளம் கிடையாது, பஸ் காசு கிடையாது. பின்ன எதுக்கு இஸ்திரி போட்ட சட்டை?"

"இஸ்திரி பத்தி விதியில ஒண்ணும் இல்லை வேதா."

அக்டோபர் 10, வியாழன்

முதல் வகுப்பு. ஐந்து மாணவர்கள். அவர்களுடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியக் கூடாது என்பது விதி எட்டு. ஆகவே ஆளுக்கொரு பர்மியப் பெயர் வைத்திருக்கிறார்கள். மதுரைப் பேச்சு மாறாத ஒருவன் கோ தூன். என்னை 'சயாஜி' என்கிறார்கள். பெரிய வாத்தியார் என்று அர்த்தம். பெகுவில் என் வாத்தியாரை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஒரு நிமிஷம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

தினமும் இரண்டு மணி நேரம் வகுப்பெடுக்கிற ஆசிரியை சுகிர்தா. முப்பத்தொரு வயது. மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊர்க்காரி. பர்மாவிலிருந்து வந்தவர்களில் சிலர் திரும்பிப் போக நினைத்து எல்லை வரை போய், அதற்கு மேல் போக முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். அப்படித் தங்கிய தமிழ்க் குடும்பம். எல்லையைத் தாண்டிக் காய்கறி வாங்கப் போய் வளர்ந்தவள். அவளுக்கு ஒரு வருஷ ஒப்பந்தம். மார்ச் 31இல் முடியும், ஏப்ரல் முதல் தேதி புதிதாக எழுதுவார்கள். ஊரில் நிலைமை சரியில்லாமல் அம்மா ஒரு முகாமில் இருக்கிறாராம். அவரை இங்கே கூட்டி வரத்தான் வியாசர்பாடியில் வீடு பிடித்திருக்கிறாள்.

எனக்குத் திங்களும் வியாழனும் ஒரு மணி நேரம் பேச்சுப் பயிற்சி. இன்று அவளும் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

"சார், உங்க பர்மீஸ் கேக்க அவ்வளவு அழகா இருக்கு. எங்க தாத்தா எந்திரிச்சு வந்து பேசுற மாதிரி."

"இது பாராட்டா?"

"பாதி" என்றாள்.

அக்டோபர் 17, வியாழன்

விதிகளை எனக்காகத் தமிழில் எழுதிக்கொண்டு வருகிறேன். புரியாததைத் தமிழில் எழுதினால் புரியும் என்பது என் அனுபவம்.

இன்று பதினொன்று. சம்பளம் பெறும் ஒருவர் செய்ய வேண்டிய வேலைக்குப் பதிலாகத் தன்னார்வலரைப் பயன்படுத்தக் கூடாது. அப்படிப்பட்ட பதவியைக் காலியாக வைத்திருக்கவும் பயன்படுத்தக் கூடாது. இதற்கு என்னிடம் நல்ல உதாரணம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்றபோது, பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒரு பி.எஸ்ஸி. படித்த பெண்ணைச் சொற்பப் பணத்துக்கு அமர்த்தியது. நல்ல பெண், நன்றாக நடத்தினாள். அதனாலேயே கணக்கு வாத்தியார் பதவி ஆறு வருஷம் நிரப்பப்படவில்லை. 'அதான் நடக்குதே' என்றார்கள். விதி எழுதியவர் இதையெல்லாம் பார்த்தவராகத்தான் இருப்பார்.

வீட்டில் மிக்ஸி ரிப்பேர். கடைக்காரர் சனிக்கிழமை தருகிறாராம்.

நவம்பர் 7, வியாழன்

பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். "உயிரோட இருக்கீங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா சயாஜி?" என்றான் கோ தூன். அதையே பர்மிய மொழியில் சொல்லச் சொன்னேன். மாட்டிக்கொண்டான்.

சுகிர்தா ஒரு பென் டிரைவைக் காட்டினாள். உண்மையான ஒலிப்பதிவுகள் தன்னார்வலர் கண்ணிலும் காதிலும் படக் கூடாது, அது விதி ஒன்பது. இது அவளே தயாரித்தது: அவளும் அவள் சித்தி பெண்களும் போனில் பேசியது. பஸ் வரவில்லை, வெங்காயம் அழுகிப்போச்சு, மாப்பிள்ளை வீட்டார் இப்படிச் சொல்லிவிட்டார்கள். "மாசம் நாலு பதிவு சார். இதைக் கேட்டுப் பழகினாத்தான் இவங்களுக்கு வேலை நடக்கும்."

ஒன்றைப் போட்டுக் காட்டினாள். மூன்று பேர் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள். அந்த அறையில் ஸ்பீக்கர் சரியில்லை.

நவம்பர் 11, திங்கள்

சுகிர்தா ஊருக்குப் போகிறாள். முகாமில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம். கூட்டிக்கொண்டு பதினைந்து நாளில் வந்துவிடுவதாகச் சொன்னாள். ஒப்பந்தக்காரர்களுக்கு லீவு கிடையாது. கிருபாகரன் பெரிய மனது பண்ணி 'போய்ட்டு வாங்க' என்றிருக்கிறார்.

போகும்போது மாடிப்படியில் என்னைப் பிடித்தாள். "சார், வகுப்பு மட்டும் நிக்காம பாத்துக்குங்க. நின்னுச்சுன்னா என் மேல ரிப்போர்ட் போவும். ஏப்ரல்ல புது கான்ட்ராக்ட் பேப்பர் வராது. அப்புறம் அம்மாவை எங்க வச்சுப்பேன்?"

"நீ போம்மா. ஒரு நாள் நிக்காது."

பென் டிரைவையும் டிசம்பர் தேர்வுக்கான கேள்வித்தாளையும் என்னிடம் கொடுத்தாள்.

நவம்பர் 12, செவ்வாய்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பள்ளியில் ஓர் ஆசிரியர் வராவிட்டால் இன்னொருவர் அந்த வகுப்புக்குப் போவார். யாருக்காகப் போனார், என்ன நடத்தினார், எத்தனை மாணவர் என்று அதற்கான நோட்டில் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குவார். சிலருக்கு அது தண்டனை. எனக்கு எப்போதும் பிடிக்கும். அடுத்தவர் வகுப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

சிவப்பு மையில் கோடு போட்டு எழுதினேன்: 'சுகிர்தா வகுப்பு. தன்னார்வலர் எடுத்தார். 2 மணி. 5 மாணவர்.' வகுப்பு நின்றது என்று நாளைக்கு யாரும் அவளைச் சொல்ல முடியாது. கிருபாகரன் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், எங்க டிபார்ட்மென்ட்ல எவனும் இப்படி எழுத மாட்டான்" என்று கையெழுத்துப் போட்டார்.

நவம்பர் 28, வியாழன்

பதினைந்து நாள் கழிந்துவிட்டது. பாதை மூடியிருக்கிறதாம். அம்மாவை இம்பாலில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறாள். மழை. வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போய் வகுப்பெடுத்தேன். ஒரு நாளும் நிற்கவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

மாணவர்கள் நன்றாக முன்னேறுகிறார்கள். கடிதம் எழுதுகிறார்கள், பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசுகிறார்கள், நான் சொல்லும் நீண்ட வாக்கியத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள். நேற்று ஒரு பதிவைப் போடலாமா என்று பார்த்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. சுகிர்தாவை அவர்கள் 'சயாமா' என்கிறார்கள், டீச்சரம்மா என்று அர்த்தம். கோ தூன் கேட்டான்: "சயாஜி, சயாமா தந்த பதிவை எப்பத்தேன் போடுவீக?"

"முதல்ல அடித்தளம்" என்றேன். சுவர் எழுப்பாமல் கூரை போட முடியுமா?

ஜனவரி 3, வெள்ளி

டிசம்பரில் வைக்க வேண்டிய அரையாண்டுத் தேர்வை இன்றுதான் வைத்தேன். சுகிர்தாவின் கேள்வித்தாள் பதிவுகளை வைத்து எழுதியது, ஸ்பீக்கர் பிரச்சினை இருப்பதால் நானே ஒரு தாள் தயாரித்தேன். நானே வாசிக்க, அவர்கள் கேட்டு எழுதினார்கள். நூற்றுக்கு 91, 88, 94, 85, 90. கிருபாகரன் மதிப்பெண் பட்டியலை நோட்டின் நகலோடு சேர்த்து டெல்லிக்கு அனுப்பப் போகிறாராம்.

வேதா எனக்குக் கேசரி கிண்டினாள். "மார்க் பசங்களுக்குத்தானே, கேசரி எதுக்கு எனக்கு?" என்றேன். "மூஞ்சியப் பாத்தா நீங்கதான் பாஸான மாதிரி இருக்கு" என்றாள்.

ஜனவரி 20, திங்கள்

கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. பொங்கலுக்கு வாங்கிய கரும்பு இன்னும் பாதி இருக்கிறது. கடிக்கப் பல் இல்லை.

ஜனவரி 30, வியாழன்

கிருபாகரன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பிஸ்கட் வந்தது. என் நோட்டு டெல்லியில் எல்லோர் கைக்கும் போய்விட்டதாம். மற்ற மொழி மையங்களுக்கும் மாதிரியாக அனுப்பப் போகிறார்களாம்.

"வர்ற ஏப்ரலுக்கு அப்புறமும் இப்ப மாதிரியே வாரம் அஞ்சு நாளும் வர முடியுமா சார்?"

"ஏன் முடியாது? உடம்பு நல்லாத்தானே இருக்கு."

சந்தோஷமாக வீட்டுக்கு வந்து சொன்னேன். வேதா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அஞ்சு நாளும் நீங்க உக்காந்தா, அந்தப் பொண்ணு திரும்பி வந்து எங்க உக்காரும்?"

"அவ வகுப்பு அவளுக்கு. என்னுது என்னுது."

"ரெண்டு வகுப்புக்கு அஞ்சு புள்ளைங்கதானே இருக்கு" என்றாள்.

அவளுக்கு அலுவலக நடைமுறை தெரியாது.

பிப்ரவரி 10, திங்கள்

சுகிர்தா போன் செய்தாள். அம்மா எழுந்து நடக்கிறார். மார்ச் கடைசியில் இருவரும் வந்துவிடுவார்கள்.

"சார், வழக்கமா பிப்ரவரில கான்ட்ராக்ட் பேப்பர் மெயில்ல வரும். இன்னும் வரல. கிருபாகரன் சார் போன் எடுக்க மாட்டேங்குறாரு. கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"

"மறந்திருப்பார். நாளைக்கே கேக்குறேன்."

"வகுப்பு நிக்கலையே சார்?"

"ஒரு நாள் கூட."

பிப்ரவரி 11, செவ்வாய்

கேட்டேன்.

கிருபாகரன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தப் பதவி மார்ச் 31 உடன் முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை. காரணம் என்ற பத்தியில் என் நோட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள்: நவம்பர் முதல் எல்லா வகுப்புகளும் தன்னார்வலரால் நடத்தப்பட்டுள்ளன, மாணவர் தேர்ச்சி திருப்திகரம்.

"விதி பதினொண்ணு என்ன ஆச்சு?" என்றேன். "பதவிக்குப் பதிலாத் தன்னார்வலரை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க?"

"நானும் அதைத்தான் எழுதினேன் சார். பதில் என்ன வந்துச்சு தெரியுமா? பதவின்னு ஒண்ணு இருந்து, அதுல தன்னார்வலரை வச்சாத்தான் தப்பு. ஏப்ரல் ஒண்ணுல பதவியே இருக்காது. இல்லாத பதவியில நீங்க எப்படி உக்கார முடியும்?"

இப்படி ஒரு தர்க்கத்தை நான் எந்த மாணவனிடமும் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் அதையே ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது வெட்கம்தான், ஆனால் உண்மை.

"அப்ப நான் நின்னுக்கறேன். நாளையிலேருந்து வரல."

"உங்க இஷ்டம் சார், விதி ஆறு. எப்ப வேணாலும் நின்னுக்கலாம். ஆனா பர்மா காலனிலேருந்து இன்னும் நாலு பெரியவங்க மனு போட்டிருக்காங்க. உங்களை மாதிரிதான், ரொம்ப ஆசையா." அவர் குரல் தாழ்ந்தது. "இது ஆகும்னு உங்க நோட்டு காட்டிருச்சு. இனிமே யார் வந்தாலும் ஆகும்."

சுகிர்தா மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். எடுக்கவில்லை. உள்ளே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று விதி இருக்கிறது. இன்றைக்கு அந்த விதி வசதியாக இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

வேதா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 17, திங்கள்

கணக்கு வாத்தியாரின் பதவி ஆறு வருஷம் காலியாக இருந்ததே, அது எப்படி நிரம்பியது என்று இரண்டு நாளாக யோசித்தேன். யாரும் போராடவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் இருபத்தேழு பேர் தோற்றார்கள். அடுத்த ஜூனில் ஆள் வந்துவிட்டது.

நான் நின்றால் அந்த நாலு பேரில் ஒருவர் வருவார் என்பதால் வகுப்புக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இன்று வகுப்பு முடிந்ததும் தனியாக உட்கார்ந்து சுகிர்தாவின் பென் டிரைவைப் போட்டேன். வீட்டிலிருந்து நல்ல ஸ்பீக்கர் கொண்டுபோயிருந்தேன். அவளுடைய கேள்வித்தாளை வைத்து நானே தேர்வு எழுதினேன். இருபது கேள்வி. அதோடு அவள் வைத்திருந்த விடைக்குறிப்பைப் பார்த்து நானே திருத்தினேன்.

என் மதிப்பெண்ணை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் காதில் தெளிவாக விழுகிறது. ஆனால் அந்தப் பெண்கள் எங்கே நிற்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள், யாரைத் திட்டுகிறார்கள் என்பது கிட்டத்தட்டப் பாதி பிடிபடவில்லை. பெகுவை விட்டு வந்தபோது நான் மட்டும்தான் கப்பலேறினேன். மொழி அங்கேயே இருந்து, அறுபது வருஷம் கடைக்குப் போய், சண்டை போட்டு, கல்யாணம் பண்ணிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. என்னிடம் இருப்பது பதினாலு வயதுப் பையனின் புகைப்படம். அதைத்தான் ஐந்து பேருக்கும் மொழி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வருத்தத்தோடு வேறொன்றும் இருந்தது. ஒரு பதிவை நாலு தடவை போட்டுக் கேட்டேன். புதுசாக என்னவெல்லாம் வந்திருக்கிறது!

பிப்ரவரி 20, வியாழன்

கிருபாகரனிடம் இன்னொரு தேர்வு வைக்க அனுமதி கேட்டேன். சுகிர்தாவின் பதிவுகள், சுகிர்தாவின் கேள்விகள், அவரே மேற்பார்வை.

"தொண்ணூறு மார்க் வாங்கினவங்களுக்கு எதுக்கு சார் மறுபடி?"

"அது என் குரல்ல வச்ச தேர்வு. என் குரலை உங்க டிபார்ட்மென்ட்ல யாரும் ஒட்டுக் கேக்கப் போறதில்லையே."

மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தார். "சரியா வரலைன்னா உங்களுக்குத்தான் கெட்ட பேர்."

"தெரியும்."

"முப்பத்தாறு வருஷ சர்வீஸ்னு பயோடேட்டால போட்டிருக்கீங்க."

"அதுவும் தெரியும். தேதி சொல்லுங்க."

பிப்ரவரி 24, திங்கள்

இருபதுக்கு 3, 4, 2, 6, 3.

தேர்வு நடக்கும்போது மேஜைகளுக்கு நடுவில் நடந்தேன். பள்ளியில் என்றால் ஒரு பார்வையில் புரிந்துவிடும், தெரியாதவன் ஜன்னலைப் பார்ப்பான். இவர்கள் என்னைப் பார்த்தார்கள். அதில் குற்றச்சாட்டு இல்லை. கோ தூன் மட்டும் முடிந்ததும் வந்து நின்றான்.

"சயாஜி, நாங்க ஒழுங்காப் படிக்கலைன்னு எழுதிருங்க. உங்க பேரு ஏன் கெடணும்?"

"ஒழுங்கா படிச்சீங்க. அதான் பிரச்சினையே" என்றேன். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையிலிருந்து அறிக்கை எழுதினேன். மூன்று தடவை கிழித்தேன். முதல் தடவை ஸ்பீக்கரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. இரண்டாவதில் 'நேரம் போதவில்லை' என்று இருந்தது. மூன்றாவதில் என் அனுபவத்தைப் பற்றி நீளமாக இருந்தது. கடைசியில் ஒரு பக்கம்தான் வந்தது. அதைப் பார்த்து இங்கே எழுதுகிறேன். இதில் ரகசியம் எதுவும் இல்லை, என்னுடையதைத் தவிர.

'நவம்பர் முதல் இந்த வகுப்புகளை நான் நடத்தினேன். நோட்டில் உள்ள மணிக்கணக்கு சரியானது. ஆனால் அந்த மணிகளில் மாணவர்கள் இன்று பேசப்படும் மொழியைக் கற்கவில்லை. ஜனவரி மதிப்பெண்கள் என் சொந்தக் கேள்விகளுக்கு, என் சொந்தக் குரலில் எடுக்கப்பட்டவை. அவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம். இன்றைய பேச்சை வைத்து நடத்திய தேர்வில் ஐவரும் தேறவில்லை. அதே தேர்வை நானும் எழுதினேன். இருபதுக்குப் பதினொன்று. இந்த வகுப்பை என்னாலோ என்னைப் போன்ற வேறொரு தன்னார்வலராலோ நடத்த முடியாது. பயிற்சி பெற்ற ஆசிரியர் தேவை.'

கிருபாகரன் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ஜூன்ல இந்த அஞ்சு பேருக்கும் போஸ்டிங். இந்த மார்க்கோட அனுப்பினா மொதல்ல போறது என் தலை."

"அதையும் கீழ எழுதி அனுப்புங்களேன்."

"அதை எழுதாமலா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வேதாவிடம் என் மதிப்பெண்ணை மட்டும் சொன்னேன். "பாஸ்தானே?" என்றாள். "பாஸ்தான், அதுக்கு மேல இல்லை" என்றேன். தோசை ஊற்றினாள்.

மார்ச் 6, வியாழன்

டெல்லியிலிருந்து ஒன்றும் வரவில்லை. வகுப்புக்குப் போனேன். ஒரு பதிவைப் போட்டு, 'எனக்கும் தெரியாது, சேர்ந்து கேட்போம்' என்றேன். ஐந்து பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இத்தனை மாதத்தில் எடுத்த நல்ல வகுப்பு இதுதான். நோட்டில் எழுதவில்லை.

மார்ச் 20, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. விதி ஆறின்படி என் சேவை நன்றியுடன் முடித்துக்கொள்ளப்படுகிறது. காரணம் கூறத் தேவையில்லை என்பதும் அந்த விதியில் உண்டு. காரணம் கூறவில்லை.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். கிருபாகரன் வாசல் வரை வந்தார். "அந்தப் பதவி வேணும்னு பேப்பர் போயிருக்கு சார். முடிவு வரல. வந்தாலும் உங்களுக்குச் சொல்ல முடியாது, நீங்க இப்ப வெளியாள்."

"சரிதான்" என்றேன். மாணவர்களைப் பார்க்க விடவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

சுகிர்தாவிடமிருந்து போன் வரவில்லை. நானும் பண்ணவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பத்து மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சுகிர்தா இறங்கினாள், கூடவே அவள் அம்மா. மெலிந்த உருவம், கையில் ஒரு பை நிறைய மிளகாய். அம்மாவை வேதா உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். சுகிர்தா நாற்காலியில் உட்காரவே இல்லை.

"சார், உங்க கிட்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"ஒண்ணாந்தேதி ஜாயின் பண்ணேன். பேப்பர் மூணு மாசத்துக்குத்தான் குடுத்திருக்காங்க, ஜூன் வரைக்கும். அப்புறம் பாக்கலாம்னுட்டாங்க. சரி, வகுப்புக்குப் போனா, பசங்களுக்கு ஒண்ணுமே தெரியல! கல்யாணப் பத்திரிகை மாதிரிப் பேசுறாங்க. ஒரு பதிவு புரியல. நாலு மாசம் என்ன சார் பண்ணீங்க? நான் எவ்வளவு நம்பிக் குடுத்துட்டுப் போனேன்!"

சமையலறையில் பாத்திரம் ஒன்று ஓங்கி வைக்கப்பட்டது. வேதா வாசற்படியில் வந்து நின்று வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். திரும்ப உள்ளே போய்விட்டாள்.

"என் தப்புதாம்மா. எனக்கே தெரியாததை நடத்திட்டேன்."

"தெரியலைன்னா ஒரு போன் போட்டிருக்கலாமே சார். ஆஸ்பத்திரி வராந்தால நாள் பூரா சும்மாதான் உக்காந்திருந்தேன். போன்லயே சொல்லியிருப்பேன்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. நாலு மாதத்தில் ஒரு நாள்கூட. இதை எழுதும்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

அவள் ஒருவழியாக உட்கார்ந்தாள். கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. "முதல்லேருந்து ஆரம்பிக்கணும். நீங்க சொல்லிக் குடுத்ததை மறக்க வைக்கவே ரெண்டு மாசம் ஆவும்."

"மொத்தத்துல எவ்வளவு நாள் ஆகும், அவங்க சரியா வர?"

"ஜூன்ல எப்படி சார் முடியும்? ஒழுங்கா வரணும்னா ரெண்டு வருஷம். அதுக்குக் கம்மியா யாராவது சொன்னா பொய்."

"ரெண்டு வருஷமா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ரெண்டு வருஷம் சார். கம்மியில்ல."

எழுந்து போய் மேஜையிலிருந்து வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இப்ப சொன்னதை அப்படியே எழுது. பசங்க நிலைமை இது, காரணம் இது, மூணு மாசத்துல ஆகாது, ரெண்டு வருஷம் ஆகும். என் பேரை விடாம எழுது. தேதி போட்டு, நாளைக்குக் காலையில முதல் வேலையா கிருபாகரன் கையில குடுத்துடு."

அவள் சந்தேகமாக என்னைப் பார்த்தாள். பிறகு மூடியைக் கழற்றி எழுத ஆரம்பித்தாள்.